கை காட்டினால் கார் நிற்குமா?

தம்பி, மதுரையிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்திருப்பதாகவும், ரோட்டைக் கடக்கப் போட்ட வெள்ளைக்கோட்டில் காத்திருந்தாலும் கார்கள் நிற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் செய்வதுபோல் கையைக் காட்டிக்கொண்டே இறங்கிவிடலாமா என்பது கேள்வி.

வேண்டாம். ஊரில் அது பலிக்கிறதென்றால் காரணம், நெரிசலில் வண்டிகள் மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் ஊர்ந்து வருகின்றன. குறுக்கே ஆள் வருவார் என்று ஓட்டுகிறவரும் எதிர்பார்க்கிறார். இங்கே ரோடு கொஞ்சம் காலியானாலே 60-ஐத் தொட்டுவிடுவார்கள். அந்த வேகத்தில் கார் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகும். மூன்று லேன் ரோட்டை நடந்து கடக்க உங்களுக்கு 9 நொடி பிடிக்கும். 150 மீட்டர் தள்ளித் தெரிந்த கார் அதற்குள் உங்களிடம் வந்துவிடும். தொட்டதற்கெல்லாம் ஹார்ன் அடிக்கும் பழக்கமும் இல்லை, காதை நம்பாதீர்கள். தூரத்திலிருந்து ஹெட்லைட்டை மின்ன விட்டால் பெரும்பாலும் 'நான் வருகிறேன், நில்' என்றுதான் பொருள்.

வெள்ளைக்கோட்டில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்றுதான் சட்டம். சிலர் நிற்கவும் செய்வார்கள். ஆபத்தே அங்கேதான். ஒரு கார் நின்றதும் விறுவிறுவென்று நடந்தால், நின்ற அந்தக் காரே உங்களை அடுத்த லேன்காரரிடமிருந்து மறைத்துவிடுகிறது. லேன்களுக்கு நடுவே மோட்டார்காரர்கள் (இங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்) வேறு நுழைந்து வருவார்கள். காரின் முன்மூலையில் நின்று, தலையை மட்டும் நீட்டிப் பாருங்கள். அடுத்த லேனும் நின்ற பிறகே அடுத்த அடி.

சிக்னல் கம்பத்தில் பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். பல இடங்களில் அமுக்காவிட்டால் பச்சை மனிதன் எரியவே மாட்டான். எரிந்தாலும் ஒரு மூச்சு விட்டு இறங்குங்கள், சிவப்பைத் தாண்டிப் பாயும் மோட்டார் அந்த நேரத்தில்தான் போகும். சந்திப்பில் சிக்னலுக்குள் வராமல் இடப்பக்கம் தனியாக வளையும் லேன் இன்னும் மோசம். அதில் வருபவர் வலப்பக்கம் பார்த்தபடி வண்டிகளுக்கு நடுவே இடைவெளி தேடிக்கொண்டிருப்பார். இடது ஓரத்தில் நிற்கும் நீங்கள் அவர் கண்ணிலேயே படமாட்டீர்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரியாமல் காலை வைக்காதீர்கள்.

வண்டிகள் ஊரைப்போல இடப்பக்கம்தான் ஓடுகின்றன, அதனால் முதலில் வலப்பக்கம் பார்க்கும் பழக்கம் அப்படியே இருக்கட்டும். ஒருவழி ரோட்டிலும் இரண்டு பக்கமும் பாருங்கள், எதிர்த்திசையில் மோட்டார் வரும். சாயங்கால மழையில் குடையை வலப்பக்கம் சாய்க்காதீர்கள், வரும் வண்டியை மறைத்துவிடும்.

ரோட்டில் இறங்காமலே போக வழி இருந்தால் அதுதான் நல்லது. மோனோரயில் நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நூ சென்ட்ரல் பேரங்காடிக்குள்ளேயே நடக்கலாம். கேஎல்சிசி மாநாட்டு மையத்திலிருந்து புக்கிட் பிந்தாங்கில் உள்ள பெவிலியன் பேரங்காடி வரை ஏர்கான் போட்ட மேல்நடைபாதை உண்டு. நள்ளிரவில் அது திறந்திருக்காது.