கச்சான் வேர்ப்புழுவுக்குப் பங்கசும் வட்டப்புழுவும்

கேள்வி: கச்சான் வேரை வெள்ளைப்புழு தின்கிறது. மெற்றாறைசியம் பங்கசையும் பூச்சிகளைக் கொல்லும் ஹெற்றரோறப்டைற்றிஸ் வட்டப்புழுவையும் ஒன்றாகக் கலந்து அடிக்கலாமா?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: ஒரே நாளில் வேண்டாம். பங்கசை முதலில் மண்ணில் கலந்து, மூன்று நான்கு கிழமை கழித்து வட்டப்புழுவை விடுங்கள். நோய்ப்பட்டுச் சோர்ந்த புழுவுக்குள் அது எளிதில் நுழையும். ஒன்றாக விட்டால், வட்டப்புழு சுமந்துவரும் பற்றீரியா பங்கசை வளரவிடாது. (இது வேர்முடிச்சு வட்டப்புழு அல்ல; பயிரைத் தொடாது.)

சதுர மீற்றருக்கு 2.5 இலட்சம் வட்டப்புழு போதும். நம் கரையோர மணல் மத்தியானம் கொதிக்கும். பொழுதுபட்ட பிறகு, மண்ணை நன்றாக நனைத்து, தெளிகருவியின் வடியைக் கழற்றிவிட்டு அடியுங்கள். பலர் தோற்பது ஈரத்தில்தான்: காய்ந்த மணலில் வட்டப்புழு நகராது. இரண்டு கிழமை காயவிடாதீர்கள். பங்கசுநாசினி கூடவே கூடாது.

பிறகு தோண்டிப் பாருங்கள். வெள்ளைப்புழு செங்கல் நிறமாகித் துவண்டு செத்துக் கிடந்தால் வட்டப்புழு கொன்றது. விறைத்து, பச்சைப் பூஞ்சணம் போர்த்திருந்தால் பங்கசு.