கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

ஐயா, வணக்கம்.

மக்கள்தொகை வளர்ச்சி நாட்டுக்கு நாடு வேறுபடுவதைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அதில் என்ன புதிர் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஏழை நாடு பெருகும், பணக்கார நாடு சுருங்கும், அவ்வளவுதானே? என் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். உடன் இருக்கும் மாலுமிகளில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். நாற்பது வயது ஆட்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் ஐந்து, ஆறு என்கிறார்களாம். தாய்லாந்துக்காரர்களுக்கு ஒன்றோ இரண்டோதான். தாய்லாந்து வசதியான நாடு, பிலிப்பைன்ஸ் ஏழை நாடு. கணக்கு சரியாக வருகிறதே. காசு வந்தால் பிள்ளை தானாகக் குறையும். இதில் அரசாங்கம் செய்ய என்ன இருக்கிறது?

மரியதாஸ், தூத்துக்குடி

அன்புள்ள மரியதாஸ்,

கப்பலிலேயே ஒரு கணக்கெடுப்பு நடத்திவிட்ட உங்கள் மகனுக்கு என் வாழ்த்துகள். அவர் கண்டது சரி. நீங்கள் சொல்லும் காரணத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

1960இல் இந்த இரண்டு நாடுகளில் வசதியானது பிலிப்பைன்ஸ்தான். 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 3.67 கோடிப் பேர், தாய்லாந்தில் 3.44 கோடி. இரண்டும் ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தன. அந்த வேகத்தில் போனால் 23 ஆண்டுகளில் தொகை இரட்டிப்பாகும். ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளை என்பது இரண்டு இடத்திலும் வழக்கம். 2024 கணக்கெடுப்பில் பிலிப்பைன்ஸில் 11.27 கோடிப் பேர். தாய்லாந்தின் பதிவேட்டில் ஏறத்தாழ 6.6 கோடி. உங்கள் சூத்திரப்படி நடந்திருந்தால் முதலில் குறைந்திருக்க வேண்டியது பிலிப்பைன்ஸ் அல்லவா?

தாய்லாந்து செய்த காரியம் கேட்பதற்கு மிகச் சிறியது. 1970இல் அங்கே குடும்பக் கட்டுப்பாடு அரசின் கொள்கையானது. கிராமத்தில் மருத்துவர் இல்லை. மருத்துவர் எழுதித் தராமல் கருத்தடை மாத்திரை கிடைக்காது. அந்த ஆண்டே, பிரசவம் பார்க்கும் கிராமத்து உதவிச் செவிலியரும் மாத்திரை தரலாம் என்று விதியை மாற்றினார்கள். மாத்திரை ஊருக்குள் வந்துவிட்டது. 1974இல் மேச்சாய் விரவைத்யா என்ற பொருளாதார அறிஞர் ஓர் அமைப்பைத் தொடங்கி, மாத்திரையையும் ஆணுறையையும் மளிகைக் கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் கொண்டுபோனார். வெட்கத்தைச் சிரிப்பால்தான் உடைக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆணுறையை ஊதிப் பலூனாக்கும் போட்டி வைத்தார். புத்த பிக்குகளைக் கொண்டு ஆணுறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்க வைத்தார். பாங்காக்கில் அவர் நடத்திய உணவகத்தில், சாப்பிட்டு முடித்தவருக்குப் பில்லோடு மிட்டாய்க்குப் பதிலாக ஆணுறை வரும். அந்த நாட்டில் ஆணுறைக்கே 'மேச்சாய்' என்று பெயராகிவிட்டது. (நம் ஊரில் ஒருவர் இதைச் செய்திருந்தால் அவர் பெயர் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.)

1990 வாக்கில் அங்கே ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்றாகிவிட்டது. தாய்லாந்தின் பெரிய தொழிற்சாலைக் காலம் 1980களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. அதற்குள்ளேயே பிறப்பு பாதிக்கும் மேல் குறைந்தாயிற்று. காசு பிறகுதான் வந்தது.

பிலிப்பைன்ஸும் சும்மா இருக்கவில்லை. அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ஆட்சியில், அதே காலத்தில்தான் அங்கும் மக்கள்தொகை ஆணையமும் சட்டமும் வந்தன. 1986இல் மார்க்கோஸைத் துரத்திய எழுச்சியில், செயற்கைக் கருத்தடையை எதிர்க்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்து வந்த கோரி அகினோவின் அரசு அந்தக் கடனை மறக்கவில்லை. 1987 அரசியல் சாசனத்தில், கருவான நேரம் முதலே சிசுவின் உயிரைக் காக்க வேண்டும் என்ற வாசகம் ஏறியது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மெலிந்தது. 2000இல் மணிலா மேயர், நவீனக் கருத்தடை முறைகளுக்கு நகராட்சி மருத்துவமனைக் கதவுகளைச் சாத்தும் ஆணையைப் பிறப்பித்தார். கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கக்கூடியவளுக்கு அதனால் நஷ்டமில்லை. கையில் காசில்லாதவளுக்கு அடுத்த பிள்ளை வந்தது. 1993 ஆய்வில் அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு 4.1 பிள்ளைகள். பத்தாண்டுக்கும் மேலான இழுபறிக்குப் பிறகு 2012 இறுதியில்தான் இலவசக் கருத்தடைக்கான சட்டம் நிறைவேறியது; நீதிமன்றத்தைத் தாண்டி வர 2014 ஆயிற்று.

நீங்கள் கத்தோலிக்கர் என்று நினைக்கிறேன். இதை உங்கள் மதத்தின் மேல் போடும் பழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தாலியும் கத்தோலிக்க நாடுதான். 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 1.2 பிள்ளை. பூசைக்குப் போவது வேறு, ஆயர்களுக்கு அஞ்சி அரசு மருத்துவமனை அலமாரியைக் காலியாக வைத்திருப்பது வேறு.

உங்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தாய்லாந்தில் இரண்டோடு நிற்காமல் அதற்கும் கீழே இறங்கியதற்கு நகர வாழ்க்கையும் பெண்களின் வேலையும் பெரிய காரணங்கள். 2021 முதல் அங்கே பிறப்பைவிடச் சாவு அதிகம். 2024இல் பிறந்தவை ஐந்து லட்சத்துக்கும் குறைவு. பிள்ளை பெறுங்கள் என்று இப்போது அதே அரசு கெஞ்சுகிறது. பணக்கார நாடாவதற்கு முன்பே கிழவர்களின் நாடாகிவிட்டது என்ற புலம்பலும் அங்கே கேட்கிறது.

இன்னொன்று. 2022 ஆய்வின்படி பிலிப்பைன்ஸிலும் ஒரு பெண்ணுக்கு 1.9 பிள்ளைதான். ஆனாலும் தொகை ஏறிக்கொண்டிருக்கிறது. 2020க்கும் 2024க்கும் இடையில் ஆண்டுக்கு 0.8 விழுக்காடு வளர்ச்சி. குயவர் கோலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுகிறதல்லவா, அதுபோல. நான்கு, ஐந்து பிள்ளை பெற்ற காலத்தில் பிறந்த பெண்கள் இன்று தாய்மார்கள். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பெறுகிறவர்களின் எண்ணிக்கை பெரிது. சாகும் வயதில் இருப்பவர்களோ குறைவு. எனவே ஒரு நாட்டின் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்து, அங்கே இன்று வீட்டுக்கு எத்தனை பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

உங்கள் மகனிடம் ஓர் உதவி கேட்கிறேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டார். அதே மாலுமிகளிடம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.