பிக்சர்ட் ராக்ஸ் பாறைச் சுவர்களைப் படகிலிருந்து படமெடுத்தல்: வாசகர் கேள்வி-பதில்

மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் பிக்சர்ட் ராக்ஸ் மணற்பாறைச் சுவர்களைப் பற்றிய கடிதங்களே இம்முறை மிகுதியாக வந்திருப்பதால், மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முனிசிங் ஊரிலிருந்து புறப்படும் சுற்றுலாப் படகில் செல்பவர்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டிருக்கின்றன.

கே: காலைப் படகில் போவதா, மாலைப் படகில் போவதா?

ப: மாலை. சுவர்களின் பெரும்பகுதி வடமேற்கைப் பார்த்து நிற்பதால், நண்பகல் கடக்கும்வரை அவற்றின்மேல் நேர் வெயில் படுவதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் வடமேற்கில், இரவு ஒன்பதரை மணியை ஒட்டி மறைகிறது. அப்போது கடைசிப் படகில் இருப்பவருக்கு ஒளி சுவரின் முகத்தில் நேராக விழும். செப்டம்பர் இறுதியில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் இறங்குவதால் ஒளி சாய்ந்து விழுந்து, பாறையின் அடுக்குகளும் குடைவுகளும் புடைத்துத் தெரியும். எனக்குப் பிடித்த பருவம் அதுதான். ஆனால் பாறையடியில் நீர் பச்சை கலந்த நீலமாகத் தெரிய வேண்டுமானால் வெயில் உயரத்திலிருந்து இறங்கி, ஆழம் குறைந்த இடங்களில் அடித்தளத்தைத் தொட வேண்டும். அதற்குப் பிற்பகல் இரண்டு மணிப் படகே ஏற்றது. பாறையின் நிறம், நீரின் நிறம் இரண்டும் ஒரே படத்தில் உச்சத்தில் கிடைப்பது அரிது. எது வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கே: எந்தப் பக்கம் இடம் பிடிக்க வேண்டும்?

ப: போகும்போது பாறைகள் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். மேல்தளத்துக்குச் சென்றுவிட்டால் இந்தக் கவலை பாதி குறையும்.

கே: நான் எடுத்த படங்கள் எல்லாம் மங்கலாக இருக்கின்றன. என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

ப: எந்த லென்ஸ், என்ன ஷட்டர் வேகம் (சென்சாரில் ஒளி படும் கால அளவு), எந்த நேரம் என்ற மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். படகு வினாடிக்கு 5 மீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டால், 1/100 வினாடியில் படகு பாறையை ஒட்டி 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 வினாடியில் அரை சென்டிமீட்டர்தான். லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் பெருமளவு சரிசெய்யுமே தவிர, படகு முன்னேறிச் செல்வதை ஈடுசெய்யாது. ஆகவே ஷட்டர் 1/1000, லென்ஸின் திறப்பு எஃப் 5.6 அல்லது 8 (எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்), அதற்குத் தேவையான ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை எங்கும் தொலைவிலேயே இருப்பதால் எஃப் 16 வரை போவதில் பயன் இல்லை. கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றாதீர்கள். எஞ்சின் அதிர்வு அதன் வழியாகக் கேமராவுக்கு ஏறும். கால்களை அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டுங்கள்.

கே: ஸ்ப்ரே அருவியைப் பட்டுப்போல் வழுவழுப்பாக எடுக்க ஒரு வினாடி எக்ஸ்போஷர் கொடுத்தேன். படம் முழுவதும் கலைந்துவிட்டது. லென்ஸில் கோளாறா?

ப: லென்ஸில் கோளாறு இல்லை. முந்தைய பதிலைப் படித்துப் பாருங்கள். படகில் முக்காலி வைத்தாலும் முக்காலியோடு சேர்ந்து படகும் ஆடும். சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து நேராக ஏரியில் விழும் அந்த அருவியை 1/1000 வினாடியில் துளித்துளியாக எடுங்கள். அருகே கயாக் (துடுப்பிடும் சிறு படகு) ஒன்று கடக்கும் தருணம் கிடைத்தால் அருவியின் அளவும் படத்தில் விளங்கும்.

கே: இணையத்தில் காணும் படங்களில் பாறைகள் கொழுந்துவிட்டு எரிவது போலிருக்கின்றன, என் படங்கள் வெளிறியிருக்கின்றன. எந்த ப்ரீசெட் (ஆயத்தத் திருத்த அமைப்பு) பயன்படுத்தலாம், சாச்சுரேஷனை (நிறச் செறிவை) எவ்வளவு ஏற்றலாம்?

ப: இக்கேள்வி ஆண்டுதோறும் வருகிறது, ஆண்டுதோறும் எனக்கு வருத்தமும் தருகிறது. இந்தப் பாறைகளுக்கு நிறம் கொடுப்பது விரிசல்களின் வழியே கசிந்து வழியும் நிலத்தடி நீர். அது கொண்டுவரும் இரும்பு சிவப்பும் ஆரஞ்சும் தருகிறது. செம்பு நீலமும் பச்சையும் தருகிறது. மாங்கனீசு பழுப்பும் கறுப்பும் தருகிறது. தொலைவை அருகாக்கிக் காட்டும் டெலி லென்ஸில் ஒரே ஒரு கசிவைப் பாருங்கள்: மேலே ஒரு கோடுபோல் தொடங்கி, கீழே இறங்க இறங்க அகன்று, நடுவில் கருமையும் ஓரத்தில் துரு நிறமும், அதை ஒட்டி மெல்லிய சாம்பல் பச்சையும் கொண்டு, இடையிடையே மணற்பாறையின் சொந்த வெளிர்மஞ்சளை விட்டுவைத்து நிற்கும். அந்த இடத்தின் அழகு இந்த நுண்ணிய வேறுபாட்டில்தான் இருக்கிறது. சாச்சுரேஷனை 40, 50 என்று ஏற்றினால் நடப்பது என்ன? துரு நிறமும் பழுப்பும் ஒன்றாகக் கலந்து ஒரே ஆரஞ்சுப் பூச்சாகின்றன, சாம்பல் பச்சை காணாமல் போகிறது, வெளிர்மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகிறது, ஏரி நீச்சல்குளமாகிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணலில் நீர் பொறுமையாக எழுதியதை ஒரு விரல் அசைவில் அழித்துவிட்டு, அதற்குப் பாறையின் பெயரையே சூட்டுவது நேர்மையன்று. அத்தகைய படங்களைப் பார்த்துவிட்டு நேரில் வருபவர்கள், உண்மையான சுவரின் முன் நின்று ஏமாற்றம் அடைவதையும் படகில் கேட்டிருக்கிறேன். என் வருத்தத்துக்கு முதற்காரணம் அதுதான்.

படம் வெளிறியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒளி பாறைக்கு வருவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டதுதான். நேரத்தைக் குறிப்பிட்டிருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன். மாலையில் போங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள், ஈரப் பாறையில் நிறம் தானாகவே அடர்ந்திருக்கும். ஈரத்தின் மினுமினுப்பை, லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி குறைக்கும். ஆனால் பாறைக்கு நேர் எதிரே இருக்கையில் அதனால் பெரிய பயன் இல்லை, சுவர் சாய்கோணத்தில் தெரியும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) அது விழுங்கும் என்பதால் ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டர் வேகத்தைக் காப்பாற்றுங்கள். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பை) ஆட்டோவில் விட்டால் அது மாலை ஒளியின் பொன்னிறத்தைக் குறையாகக் கருதிச் சரிசெய்ய முயலும். பகல் வெளிச்சத்துக்கு உரியதில் நிறுத்தி, ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பாக) எடுங்கள். இவ்வளவும் செய்தபின் திருத்தத்தில் மிஞ்சியிருப்பது மிகச் சிறிதே.

கே: மைனர்ஸ் காசில் பாறையில் பழைய படங்களில் இரண்டு கோபுரங்கள் உள்ளன; எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. வேறு கோணத்திலிருந்து எடுக்க வேண்டுமா?

ப: எந்தக் கோணத்திலிருந்தும் ஒன்றுதான். மற்றொன்று 2006 ஏப்ரலில் சரிந்து விழுந்துவிட்டது.

கே: சேப்பல் ராக் மேலுள்ள மரத்தை எப்படி எடுப்பது?

ப: தனித்து நிற்கும் அந்தப் பாறையின் உச்சியில் வளரும் வெள்ளைப் பைன் மரம் தன் வேர்களைக் கயிறுபோல் வெற்றிடத்தின் குறுக்கே நீட்டி, எதிர்க்கரை மண்ணைப் பற்றியிருக்கிறது. அவ்வேர்களைத் தாங்கிய கல் வளைவு 1940களில் விழுந்துவிட்டது; வேர்கள் மட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டன. ஆகவே மரத்தை மட்டும் எடுப்பது பாதிப் படம். பாறையும் கரையும் ஒன்றையொன்று மறைக்காமல், இடைவெளி திறந்து தெரியும் சில நொடிகளுக்காக 200 மிமீ லென்ஸுடன் காத்திருந்து தொடர்ச்சியாக எடுங்கள். லென்ஸை அந்த நேரத்தில் மேல்தளத்தில் நின்று மாற்றாதீர்கள். நீர்த்திவலை சென்சாரில் படும்.

கே: கைபேசி போதுமா?

ப: நல்ல வெயிலில் போதும். டிஜிட்டல் ஜூமைத் தொடாதீர்கள், லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருங்கள், கைபேசிக்கும் ஒரு வார் போடுங்கள்.

கே: ட்ரோன்?

ப: தேசியப் பூங்காச் சேவையின் நிலத்திலும் நீரிலும் தடை.

கே: கயாக்கில் சென்று பாறையைத் தொடும் தூரத்தில் எடுக்க விரும்புகிறேன்.

ப: விரும்பாதீர்கள். 2019 ஆகஸ்டில் சுவரின் பெரும் பகுதி ஒன்று கயாக் ஓட்டியவர்களின் கண்முன்னே ஏரியில் சரிந்தது. அவர்கள் தள்ளி இருந்ததால் தப்பினார்கள். அறுபது மீட்டர் வரை உயரும் சுவரின் அடியில் நின்றால் நிறமும் தெரியாது, வடிவமும் தெரியாது. சுப்பீரியரின் நீர் கோடையிலும் உடலை விறைக்கச் செய்யும் அளவுக்குக் குளிர்ந்தது. அனுபவமுள்ள வழிகாட்டியோடு, கடற்கயாக்கில், தேசிய வானிலைச் சேவையின் அலை முன்னறிவிப்பைப் பார்த்த பிறகு மட்டும் போங்கள். கேமரா வாரைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

கே: இலைகள் நிறம் மாறும் பருவத்தில் சிகாகோவிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்ப முடியுமா?

ப: ஒரு வழிக்கே ஏழு மணி நேரம் ஆகும், முடியாது. செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் இலைகளுக்கு ஏற்றவை. ஆனால் அப்போது காற்று வலுத்து, படகுகள் அடிக்கடி ரத்தாகும். அலை முன்னறிவிப்பைப் பார்த்து, முனிசிங்கில் இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிட்டு, முதல் நாள் மாலைப் படகுக்கே டிக்கெட் எடுங்கள். அது ரத்தானால் மறுநாள் கையில் இருக்கும்.