மூன்று நிமிடத்தில் அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருக்கோவில் பக்கம். வீட்டில் மிளகாய்த்தூளும் கறித்தூளும் செய்து பைக்கற் போட்டு விற்கிறேன். போன மாதம் மட்டக்களப்பில் ஒரு ஹோட்டலில் பெண் தொழில்முயற்சியாளர்களுக்கு ஒன்றுகூடல் வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நான்கு பேர் போனோம். ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து தன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட ஒரு சம்பவத்தை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால்தான் ஒருவரோடு ஒருவர் நெருங்குவோம் என்றார்கள். எனக்கு முன்னால் பேசிய பிள்ளை அழுதா. எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. சுனாமியில் அம்மா போனதைச் சொன்னேன். அப்போது எனக்கு 13 வயது. அம்மாவின் கை என் கையிலிருந்து கழன்றதை என் கணவருக்குக்கூட அதுவரை சொன்னதில்லை.

எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள். ஒரு மெடம் கட்டிப்பிடித்தா. அடுத்த நாள் நான் அழுகிற படமும் நான் சொன்ன வசனமும் முகநூலில் வந்தன. என்னை வளர்த்த சின்னம்மா பார்த்துவிட்டு, "இதையும் வித்துட்டியா புள்ள?" என்று மட்டும் கேட்டா. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கொண்டுபோன 20 பைக்கற்றும் அப்படியே திரும்பி வந்தன. ஒருவரும் விலைகூடக் கேட்கவில்லை.

வருகிற மாதமும் கூப்பிட்டிருக்கிறார்கள். போவதா, விடுவதா? நான் சொன்னது பிழையா? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புத் தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பிழை செய்யவில்லை. அம்மாவைப் பற்றி வாய் திறந்த பிள்ளையை யாரும் குற்றம் சொல்ல ஏலாது. உங்களிடம் அதைக் கேட்ட விதம்தான் பிழை. சின்னம்மாவின் கோபத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவ தன் அக்காவை இழந்தவ. அந்தக் கை கழன்ற கதையை 20 வருடம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தும் அறியாமல், முகநூலில் வாசித்துத்தான் அறிந்திருக்கிறா. இன்றைக்கே அவவுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். மேடையில் சொன்னதை அவவுக்கு ஒருமுறை சொல்லுங்கள், நேரம் பார்க்காமல்.

பெண்கள் கூடியிருந்து கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. எங்கள் பக்கம் கலியாண வீடென்றால் நாலு நாளைக்கு முன்னரே பலகாரம் சுட வளவுக்குள் பெண்கள் கூடிவிடுவார்கள். 1991இல் என் மாமி மகளின் கலியாணத்துக்கு அப்படிக் கூடிய இரவு ஒன்று நினைவிருக்கிறது. அரியதரம் தட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, முந்தின வருடம் பிடித்துக்கொண்டு போன தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. ஒருவரும் கையை நிறுத்தவில்லை. ஒருவரும் அவவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சொல்லச் சொல்ல அவவின் கை தளர்ந்தது. தாச்சிக்குப் பக்கத்தில் இருந்த என் பெரியம்மா ஒன்றும் பேசாமல் அந்த மாவைத் தன் பக்கம் இழுத்து, அவவின் பங்கையும் சேர்த்துத் தட்டினா. விடிந்ததும் சீலை மாற்றிக்கொண்டு அவவோடு முகாம் வாசலுக்குப் போனா. அந்த மகன் வரவில்லை. பெரியம்மா போவதை நிறுத்தவும் இல்லை.

அந்தக் கதையைக் கேட்டவர்கள் அடுத்த நாளும் அதே ஒழுங்கையில்தான் இருந்தார்கள். உங்கள் கதையைக் கேட்டவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்கு வாகனம் ஏறிவிட்டார்கள்.

கதை சொல்லி நெருங்கலாம் என்பது பொய்யில்லை. 1960களின் கடைசியில் நியூயோர்க்கில் பெண்கள் சிறு சிறு குழுக்களாக வீடுகளில் கூடி, ஒரு கேள்வியை நடுவில் வைத்து, சுற்றிவர இருந்து ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். தன் ஒருத்தியின் குறை என்று நினைத்திருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அப்படித்தான் கண்டுகொண்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கவென்று அங்கே யாரும் வரவில்லை. 1997இல் ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களைச் சோடி சோடியாக இருத்தி, 36 கேள்விகளை 45 நிமிடம் மாறி மாறிக் கேட்கவைத்தார்கள். முதல் கேள்விகள் லேசானவை, போகப்போகத்தான் ஆழம். சும்மா பொதுக்கதை பேசிய சோடிகளைவிட இவர்கள் நெருக்கமாக உணர்ந்தார்கள். இரண்டு பேரும் சொன்னார்கள், மெல்ல மெல்லச் சொன்னார்கள் என்பதுதான் அதன் உயிர். உங்களைக் கட்டிப்பிடித்த மெடம் தன் கதையைச் சொன்னாவா?

நம்முடைய பெண்கள் கதை சொல்லிக் களைத்தவர்கள், தங்கச்சி. 2010இல் போரைப் பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழு, 2013இல் காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்க இன்னொன்று, 2018இல் அதற்கென்றே ஓர் அலுவலகம். பொலித்தீன் பைக்குள் மகனின் படம், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு எல்லாம் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் அம்மாமாரைப் பார்த்திருப்பீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் அந்தப் படத்தின் முகமே அழிந்திருக்கும். சுனாமிக்குப் பிறகு வந்தவர்களும் சொல்லு சொல்லு என்றுதான் கேட்டார்கள். ஆபத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறை இருத்தி எல்லாவற்றையும் சொல்லவைப்பது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று அதற்கு முன்னரே, 2002இல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மீளாய்வு ஒன்று சொல்லியிருந்தது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைக் கொன்றார்கள். 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழரைக் கொன்றார்கள். அந்த இரண்டு ஊர்ப் பெண்களும் இப்படியான மண்டபத்தில் அடுத்தடுத்த கதிரையில் இருப்பார்கள். வாழ்க்கையைப் புரட்டிய சம்பவத்தைச் சொல் என்றால் அவர்கள் எதைச் சொல்வார்கள்? ஒருத்தி சொல்வது மற்றவளுக்குத் தன்னை நோக்கி விரல் நீட்டுவதுபோலத்தான் கேட்கும். அதே இரண்டு பேரும் பன்பாய் விலையையும் மருதமுனைத் தறிச் சேலையையும் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், ஆறாவது ஏழாவது சந்திப்பில் அந்த ஆகஸ்டும் வரலாம். வராமலும் போகலாம். அது அவர்களின் விருப்பம்.

இவ்வளவு சொன்னாலும், போங்கள் என்றுதான் சொல்வேன். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் பொஸ்டனுக்குப் பக்கத்தில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தகவல் தந்தவர், எப்போதாவது காண்கிற ஓர் ஆள். நெருங்கிய சொந்தத்துக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதானே. திருக்கோவிலில் இருக்கும் உங்களுக்கு, அம்பாறை நகரில் கடை வைத்திருக்கும் சிங்களப் பெண்ணையும் வாழைச்சேனையில் கருவாடு போடுகிறவளையும் வேறெங்கே காண ஏலும்? நல்ல பைக்கற் உறை எங்கே மலிவு, லேபலில் என்னென்ன போட வேண்டும், சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் எதைப் பார்ப்பார், எந்தக் கடைக்காரர் காசை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அந்தத் தூரத்து ஆட்கள் வழியாகத்தான் வரும். அந்த உறவு ஒற்றை நூல். செய்தி ஓட அது போதும். அம்மாவைக் கொண்டுபோய் அதில் தொங்கவிட்டால் அறுந்துவிடும்.

ஆகவே இந்த முறை தூளோடு போங்கள். உங்கள் கதையைச் சொல்லச் சொன்னால் தூளின் கதையைச் சொல்லுங்கள்: எந்த மிளகாய், எவ்வளவு நேரம் வறுக்கிறீர்கள், எத்தனை முறை கருகவிட்டுப் படித்தீர்கள். அதுவும் உங்கள் வாழ்க்கைதான். ஒரு பைக்கற்றை வெட்டிக் கையில் கொட்டி மணக்கக் கொடுங்கள். போவதற்கு முன்னரே, நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு அந்தப் படத்தை முகநூலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் முகம். மேடையை விட்டு ஆறு ஆறு பேராக வட்டமாக இருக்கலாமா, போனைப் பைக்குள் வைக்கலாமா, சொல்ல விருப்பமில்லாதவள் "அடுத்த ஆள்" என்று விடலாமா, நடத்துகிறவர்களும் வட்டத்துக்குள் வருவார்களா என்றும் கேளுங்கள். ஒவ்வொருத்தியும் பேசி முடித்ததும் "உனக்கு இப்ப என்ன தேவை?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், தேநீர் இடைவேளையில் நீங்களே நாலு பேரிடம் அதைக் கேளுங்கள்.

எனக்கு மீன்கறிக்குப் போடுகிற வறுத்த தூள் வேண்டும். கிலோ என்ன விலை? எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ போகும். மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸில் கொடுத்துவிட்டால், கல்லடியில் நின்று எடுத்துக்கொள்வேன்.