மலைக்குள் ஒரு புல்தரை: 3,400 அடி போதுமா?

கேள்வி: சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். விமானி உரிமம் வாங்கி 140 மணி நேரம் பறந்திருக்கிறேன், எல்லாம் தார் ஓடுதளங்களில்தான். ஆகஸ்டில் செஸ்னா 182 என்ற நான்கு இருக்கை வாடகை விமானத்தில் மூன்று நண்பர்களோடு ஐடஹோ மலைக்குள் உள்ள ஜான்சன் கிரீக் புல்தரையில் இறங்க ஆசை. இதுபோன்ற இடங்களில் இறங்கும்போது விபத்து நடக்கிறது என்கிறார்களே, எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஆசை நல்ல ஆசை. ஆனால் முதல் தடவையே விமானம் நிறைய ஆட்களோடு போகாதீர்கள்.

அந்தப் புல்தரை ஓடுதளத்தின் 3,400 அடி நீளம் உங்கள் விமானத்துக்குத் தாராளம். சிக்கல் உயரத்தில் இருக்கிறது. அந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,900 அடி. மதியம் 30 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடும். விமானத்துக்கு அது 7,900 அடி உயரத்தில் இறங்குவது மாதிரி. வேகமானி 60 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காட்டும்போது தரையோடு பார்த்தால் 68 நாட்டில் போய்க்கொண்டிருப்பீர்கள். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கில் காற்று ஓடை வரும் மேட்டுப் பக்கம் நோக்கி வீசத் தொடங்கும். அங்கே வழக்கமாகத் தெற்கு நோக்கி, அதாவது ஓடை வரும் திசையைப் பார்த்து இறங்குவார்கள். எனவே அந்தக் காற்று முதுகுப் பக்கம். 5 நாட் பின்காற்று என்றாலே 73 ஆகிவிட்டது. நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 60-இல் இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இதன் மேல் பயம் வேறு. மரங்களும் மலைச்சரிவும் கண்ணை நிறைக்கும்போது, பாதுகாப்புக்கு என்று கை தானாக இன்னும் 5, 10 நாட் சேர்க்கும். விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். பாதித் தளம் போனதும் விமானி பொறுமை இழந்து மூக்கை அமுக்குவார். மூக்குச் சக்கரம் முதலில் அடிக்கும், விமானம் துள்ளும். இப்படி அடிபட்ட 182-களில் எஞ்சின் மூடியைக் கழற்றி எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டைத் தடவிப் பார்த்திருக்கிறேன். நனைந்து காய்ந்த அட்டைபோல் சுருங்கியிருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை, தகட்டைப் பழுதுபார்க்கலாம். உயிரைப் பறிப்பது தாமதமான மறுமுயற்சி, அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறுவது. தளத்தின் கடைசியில், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் முழுதும் இறங்கியிருக்க, வேகமில்லாமல் மேலேறப் பார்த்து, எதிரே மலையைக் கண்டு திருப்பினால் ஸ்டால்தான், இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழும். இந்த இடத்துக்குள் சரியான வேகமும் உயரமும் இல்லையென்றால் விட்டுவிடுவேன் என்ற புள்ளியை, இறங்கத் தொடங்கும் முன்பே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். அதைத் தாண்டிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

முதலில் உங்கள் ஊர்த் தளத்தில் பழகுங்கள். ஒரு கோட்டைக் குறித்துக்கொண்டு, அன்றைய எடைக்குக் கையேடு சொல்லும் வேகத்தில், அதைத் தாண்டி 200 அடிக்குள் தொடர்ந்து பத்து முறை இறங்கிக் காட்டுங்கள். ஒன்று தவறினாலும் ஒன்றிலிருந்து எண்ணுங்கள். பிறகு ஐடஹோவின் மெக்கால் ஊரில் மலைப்பறப்பு பயிற்றுநர் ஒருவரோடு இரண்டு காலைகள். வாடகை விமானத்தின் காப்பீடு புல்தரைக்குச் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பலவற்றில் செல்லாது.

போகும் நாளில் காலையிலேயே போங்கள். பனியில் நனைந்த புல்லில் பிரேக் வழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மேலே ஒரு சுற்றுச் சுற்றி, காற்றின் திசை காட்டும் துணிப்பையையும், தளத்தில் மான் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். திரும்பப் புறப்படும்போது எடை குறைவாக இருப்பது இன்னும் முக்கியம். நண்பர்கள் காரில் வரட்டும். யெல்லோ பைன் ஊரிலிருந்து தளம் வரை சாலை இருக்கிறது.