திமோர் இடைவெளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். கிழக்குத் திமோரை இந்தோனேசியா பிடித்து வைத்திருந்த காலத்தில் ஆஸ்திரேலிய அரசு நடந்துகொண்ட விதம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். 1991 சாண்டா குரூஸ் துப்பாக்கிச்சூட்டைக் கண்டித்தார்கள், உறவை முறிக்கவில்லை. ஒரு சம்பவத்துக்காகப் பக்கத்து நாட்டைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்றும் தோன்றுகிறது. 1999இல் படை அனுப்பிக் காப்பாற்றியதும் அவர்கள்தானே? 'கவலை', 'வருத்தம்', 'கண்டனம்' என்று அறிக்கைகளில் வருவதை எப்படிப் பிரித்துப் படிப்பது?

வெ., திண்டுக்கல்

அன்புள்ள வெ.,

கவலை, வருத்தம், கண்டனம் ஏறுவரிசை, அவ்வளவுதான். அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அறிக்கை விட்ட அரசு அதே காலத்தில் எதில் கையெழுத்துப் போட்டது என்று தேடுங்கள்.

அதற்குமுன் 'ஒரு சம்பவம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். 1991 நவம்பர் 12 காலை, டிலி நகரில், இரண்டு வாரம் முன்பு கொல்லப்பட்ட இளைஞனுக்காகப் பூசை முடித்து ஊர்வலமாக சாண்டா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்களை இந்தோனேசியச் சிப்பாய்கள் சுட்டார்கள். மதிற்சுவருக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கல்லறைகளுக்கு நடுவே ஒளிந்தார்கள். மாக்ஸ் ஸ்டால் என்ற பத்திரிகையாளர் தான் படம்பிடித்த நாடாவை அங்கேயே ஒரு புதுக்கல்லறையில் புதைத்துவைத்ததால்தான் உலகம் அதைப் பார்த்தது. இந்தோனேசிய ராணுவம் முதலில் சொன்ன கணக்கு 19 பேர். பின்னால் தொகுக்கப்பட்ட பட்டியலில் 271. சுட்ட சிப்பாய்களுக்கு அதிகபட்சம் 20 மாதச் சிறை, ஊர்வலம் போனவர்களுக்கு ஆயுள் வரை தண்டனை. இது பதினாறு வருடமாக நடந்ததன் ஒரு காலைப்பொழுது. திமோரின் உண்மை ஆணையம் 1974 முதல் 1999 வரை கணக்கிட்டபோது, மோதலால் இறந்தவர்கள் குறைந்தது 1,02,800 பேர். அதில் ஏறக்குறைய 84,200 பேர் பசியாலும் நோயாலும் போனவர்கள். ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் கேரத் இவான்ஸ் சாண்டா குரூஸை அரசின் செயல் அல்ல, ஒரு பிரிவினரின் பிறழ்ந்த செயல் என்றார். நீங்கள் 'சம்பவம்' என்கிறீர்கள். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை அம்மா.

இனி கடலுக்கு வாருங்கள். 1972இல் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் கடலடி எல்லை போட்டன. கோடு நடுவில் போகவில்லை, திமோர் பக்கம் ஒதுங்கிப் போனது. தன் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிக் கடலடியில் நீளும் நிலம், திமோர் தீவை ஒட்டிய ஆழமான திமோர் பள்ளம் வரை நீள்கிறது என்பது ஆஸ்திரேலியாவின் வாதம். கிழக்குத் திமோரை அப்போது ஆண்ட போர்ச்சுகல் இதில் சேரவில்லை. அதனால் அதன் தெற்கே மட்டும் கோடு அறுந்து நின்றது. அதுதான் 'திமோர் இடைவெளி'. எண்ணெயும் எரிவாயுவும் அந்தப் பகுதியில். 1975 ஆகஸ்டிலேயே ஜகார்த்தாவிலிருந்த ஆஸ்திரேலியத் தூதர் ரிச்சர்ட் வூல்காட், இந்த இடைவெளியை அடைக்க போர்ச்சுகலையோ சுதந்திரத் திமோரையோவிட இந்தோனேசியாவோடு பேசுவது எளிது என்று தந்தி அனுப்பினார். டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படையெடுப்பு நடந்தது.

இதற்குப் பிறகு வந்த இரண்டு படிகளைத்தான் உங்கள் கட்டுரையின் நடுவில் வைக்க வேண்டும். 1978 ஜனவரியில் அப்போதைய ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் ஆண்ட்ரூ பீகாக் இந்தோனேசியாவின் பிடியை நடைமுறையில் ஏற்பதாக அறிவித்தார். இணைத்த முறையை இன்னமும் ஏற்கவில்லை என்றும் அதே அறிவிப்பில் சொன்னார். முறை தப்பு, விளைவு சரி. மனித உரிமைக் கண்டனம் முழுவதும் முதல் பாதியில் அடங்கிவிடுகிறது, இரண்டாம் பாதியை அது தொடுவதே இல்லை. அறிக்கையில் எத்தனை கடுஞ்சொல் சேர்த்தாலும் அது இந்த முதல் பாதியில்தான் போய் விழும்.

நடைமுறை ஏற்போடு நிறுத்தியிருக்கலாம், அன்றாட அலுவலுக்கு அது போதும். கடல் எல்லைக்குப் போதாது. நிலத்துக்குச் சட்டப்படி உரியவனோடுதான் அந்த நிலத்தின் கடலைப் பங்கு போட முடியும். ஆகவே 1979 பிப்ரவரியில் எல்லைப் பேச்சு தொடங்கியபோது சட்டபூர்வ ஏற்பும் வந்தது. பேச்சுக்காகவே வந்த ஏற்பு அது. பத்து வருடம் இழுத்து, 1989 டிசம்பர் 11 அன்று திமோர் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் இவான்ஸும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் அலி அலதாஸும் திமோர் இடைவெளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கடலில் பிரித்த நடு மண்டலத்தின் வருவாய் இரு நாடுகளுக்கும் சரிபாதி, திமோர் மக்களுக்கு எதுவும் இல்லை. சாண்டா குரூஸுக்கு அடுத்த மாதமே அந்த மண்டலத்தில் எண்ணெய் ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. நெதர்லாந்து, கனடா, டென்மார்க் உதவியை நிறுத்திவைத்தபோது நடந்தது இது. 'முடியுமா' என்று கேட்டீர்களே, அவர்களால் முடிந்திருக்கிறது.

இந்த ஒப்பந்தத்துக்காக ஆஸ்திரேலியாமீது வழக்குப் போட்டு போர்ச்சுகல் சர்வதேச நீதிமன்றம் போனது. 1995 ஜூன் 30 அன்று 14க்கு 2 என்ற கணக்கில், வழக்கில் இல்லாத இந்தோனேசியாவின் செயலை எடைபோடாமல் இதை விசாரிக்க முடியாது என்று நீதிபதிகள் ஒதுங்கினார்கள். அதே தீர்ப்பில், தன் அரசியல் நிலையைத் தானே முடிவு செய்யும் சுயநிர்ணய உரிமை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துவது, திமோர் மக்களுக்கு அது இருக்கிறது என்றும் எழுதினார்கள். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை விட்டால் மதிப்பெண் போகும்.

1999 பற்றி: திமோரில் நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவிடமிருந்து பிரிவு கேட்டார்கள், ஊர்கள் எரிந்தன, செப்டம்பர் 20 அன்று பீட்டர் காஸ்குரோவ் தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது. உயிர்கள் பிழைத்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் 2002 மே 20 அன்று திமோர் சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, கடல் எல்லை வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. புதிய நாடு வழக்குப் போட வாசலே இல்லை. 2016இல் திமோர், ஐநா கடற்சட்டத்தின்கீழ் கட்டாயச் சமரச நடைமுறையைத் தொடங்கிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. 2018 மார்ச் 6 அன்று கையெழுத்தான எல்லை, பெரும்பாலும் நடுக்கோட்டில் போகிறது. 1972இன் வரைபடத்தையும் 2018இன் வரைபடத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு கட்டுரையைத் தொடங்குங்கள்.