ரீ பேக்கும் போயா லீவும்

கேள்வி: போயா எனும் பௌர்ணமி லீவிலும் மனம் ஒஃபிஸிலேயே நிற்கிறது. ரீ பேக் போட்டு ஒரு தேத்தண்ணியோடு சும்மா இருந்து பார்த்தாலும் களைப்புப் போகுதில்லை. லீவு நாளில் எப்படி ஆறி இருப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, என் கண் அந்த ‘ரீ பேக்’கிலேயே நிற்கிறது. ஒஃபிஸில் அவசரத்துக்கு முக்கிக் குடிக்கிற சாமான் அது. அதையே வீட்டிலும் முக்கினால் ஒஃபிஸ் நினைவுதான் வரும்.

பைக்குள் அநேகமாக இருப்பது டஸ்ட், அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய தூள். தூள் சிறிதாகச் சிறிதாகச் சாயம் கெதியாக இறங்கும், கசப்பும் கூடவே இறங்கும். போதாததற்குப் பையைக் கரண்டியால் நெரித்துப் பிழிகிறார்கள். பிழிந்து வருவது துவர்ப்பு. வருஷக்கணக்காக இதைச் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன்.

அடுத்த போயாவுக்கு 100 கிராம் இலைத் தேயிலை வாங்குங்கள். வெறுந்தேத்தண்ணிக்கு நுவரெலியா. பால் விடுவதென்றால் சாயம் கூடிய காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைச்சரிவில் கச்சான் காற்று வரண்டு வீசும். அந்த நாட்களில் எடுத்த கொழுந்தின் வாசனை தனி.

மூடியுள்ள பீங்கான் பாத்திரத்தில் கொஞ்சம் சுடுதண்ணி விட்டுச் சுழற்றி ஊற்றிவிடுங்கள். குளிர்ந்த பீங்கான் கொதிநீரின் சூட்டைக் குடித்துவிடும். 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி இலை, தலைதட்டி. தண்ணி பெரிய குமிழியாகப் புரளும்போதே இலைமேல் ஊற்றி மூடுங்கள். சிறிதாக உடைத்த பி.ஓ.பி.எஃப். ரக இலை என்றால் மூன்று நிமிடம், பெரிய இலை ஓ.பி. என்றால் ஐந்து. நேரம் ஆனதும் முழுவதையும் வடித்துவிட வேண்டும். பாதியை இலையோடு விட்டால் இரண்டாவது கோப்பை வாயில் வைக்க ஏலாது. இலையை அடுப்பில் போட்டுக் காய்ச்சுவதும், பிளாஸ்கில் மத்தியானம் வரை வைப்பதும் வேண்டாம்.

அந்த மூன்று நிமிடமும் ஃபோன் அடுத்த அறையில் இருக்கட்டும். மூடியின் ஓரத்தால் வரும் ஆவியை மணந்து பாருங்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு குடிக்காதீர்கள். உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணித்தியாலம் அளவில் பிடிக்கும். இரவு புரண்டு படுத்தால் அடுத்த நாள் களைப்போடுதான் வேலைக்குப் போவீர்கள்.

போயா என்றதும் ஞாபகம் வருகிறது. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறுக்குப் பதிலாக அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரைப்பிறை என நாலு போயாவும்தான் வார லீவு. ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிலவேளை ஒரு நாள் கூடும், சிலவேளை குறையும். கொழுந்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஏழெட்டு நாளுக்கொருக்கால் கிள்ளாவிட்டால் முற்றிவிடும். அப்படிக் கிள்ளிய இலையில் மிகப் பெரும் பங்கு கப்பலேறுகிறது. கிள்ளியவரின் லயத்து அடுப்பில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அடுப்பில், கொதிப்பது பெரும்பாலும் டஸ்ட். இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். நல்ல சாயம் ஆறும்போது பால் கலந்ததுபோல மங்கும். பழுதாகிவிட்டதென்று பயந்து ஊற்றிவிடாதீர்கள், கொஞ்சம் சூடாக்கினால் திரும்பவும் தெளியும்.